ஒன்றை மட்டும் தேர்க: ரேடியோ பொத்தானும் வடவெல்லைத் தாய்மொழிக் கணக்கும்

திருவள்ளூர் மாவட்டம் ஊத்துக்கோட்டை வட்டத்தில், ஆரணியாற்றின் கரையில் அமைந்தது பெரியபாளையம். ஆடி மாதத்தில் இவ்வூர்ப் பவானி அம்மன் கோயிலில் தமிழும் தெலுங்கும் ஒருங்கே ஒலிக்கும். இப்பகுதியின் மொழிக் கணக்கைத் திரையில் காட்டும் ஊடாடு பலகம் ஒன்றை ஆர் நிரல்மொழியில் அமைக்க முற்பட்டபோது எழுந்த சிறு ஐயமே இக்கட்டுரைக்குத் தோற்றுவாய். தாய்மொழி என்னும் மாறிக்கு ரேடியோ பொத்தான் இடுவதா, தேர்வுப்பெட்டி இடுவதா என்பதே அது.

பழைய கார் ரேடியோக்களில் நிலையம் மாற்ற ஒரு பொத்தானை அழுத்தினால், முன்பு அழுத்தியது தானே வெளியே எழும்பும். இரண்டு நிலையங்களை ஒருசேரக் கேட்க இயலாது. ரேடியோ பொத்தான் என்னும் பெயர் இதிலிருந்தே வந்தது. ஜான் ஆஸ்டர்ஹவுட் உருவாக்கிய டிக்கிள்-டிகே கருவித்தொகுப்பில் இவ்வியல்பு எளிதாகச் செயல்படுகிறது: பொத்தான்கள் பலவாயினும் அவை பகிரும் மாறி ஒன்றே, இறுதியாக அழுத்தியதன் மதிப்பே அதில் தங்கும். பீட்டர் டால்கார்டு இத்தொகுப்பை ஆர் மொழியோடு இணைத்தார். அதன்மேல் ஏட்ரியன் போமன் குழுவினர் எழுதிய ஆர்பேனல் பற்றிய கட்டுரை 2007இல் வெளிவந்தது. பலகத்தை உருவாக்கி, பொத்தான் வரிசைக்குத் தலைப்பும் மதிப்புகளும் தந்து, அழுத்தும்போது இயங்கவேண்டிய செயற்கூற்றை இணைத்தால் போதும். அச்செயற்கூறு வரைபடத்தைப் புதுப்பித்தபின் பலகத்தையே திருப்பி அனுப்பவேண்டும். இதை மறந்து ஒரு மாலைப்பொழுதை இழந்தவர்களுள் யானும் ஒருவன்.

வடவெல்லையில் இதே விதி திரைக்கு வெளியே செயற்பட்டது. 1953 அக்டோபர் 1 அன்று ஆந்திர மாநிலம் பிரிந்தபின், தமிழ் பேசும் பகுதிகளைக் கோரி ம.பொ.சிவஞானம், மங்கலங்கிழார் முதலியோர் போராடினர். நடுவராக அமர்ந்த எச்.வி.படாஸ்கர், கிராமத்தை அலகாகவும், நிலத்தொடர்ச்சியையும் ஒப்பீட்டு மொழிப் பெரும்பான்மையையும் அளவுகோல்களாகவும் கொண்டார். 1959ஆம் ஆண்டுச் சட்டம் 1960 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. திருத்தணி சென்னை மாநிலத்தைச் சேர்ந்தது. செங்கல்பட்டு மாவட்டத்துச் சத்தியவேடு ஆந்திரத்துக்குச் சென்றது. பெரியபாளையத்துக்கு அண்மையிலுள்ள நிலப்பரப்பே இவ்வாறு கைமாறியது.

இங்கு ஒற்றைத் தேர்வு இருமுறை நிகழ்ந்துள்ளது என்பது என் கருத்து. முதலில், கணக்கெடுப்பாளர் முன் நின்றவர் தமக்கு ஒரே தாய்மொழியைச் சொன்னார். வீட்டில் தெலுங்கும் சந்தையில் தமிழும் பேசியவரும் அவ்வாறே பதிவானார். பின்னர், ஒரு கிராமத்தின் பதிவுகள் அனைத்தும் சேர்ந்து ஒரே மொழியாயின. 1951 கணக்கெடுப்பில் தாய்மொழியுடன் இருமொழித்திறனும் தனியே வினவப்பட்டது. ஆயின் பெரும்பான்மை என்னும் விதியில் அவ்விரண்டாம் விடைக்கு இடமில்லை. எல்லை வகுக்க ஏதேனும் ஒரு முடிவு தேவைப்பட்டது என்பதை மறுப்பதற்கில்லை. அம்முடிவுக்குப் பின் எஞ்சிய அட்டவணையை மொழிவழக்கின் முழுப்படமாக இன்றும் வாசிப்பதே பிழை.

எனவே என் பலகத்தில் ரேடியோ பொத்தானை ஆய்வாளரின் வினாவுக்கு மட்டும் ஒதுக்கினேன்: எண்ணிக்கையா, விழுக்காடா, 1960க்கு முந்தைய எல்லையா, பிந்தையதா. இவற்றுள் ஒன்றைத்தான் ஒருவேளையில் காண இயலும். மொழிகளுக்குத் தேர்வுப்பெட்டி. இருமொழித்திறன் அதே வரைபடத்தில் தனி அடுக்காக வரும்.

இதையே ஷைனியில் மாற்றி எழுதியபோது மற்றொன்று புலப்பட்டது. தொடக்கத் தேர்வு குறிப்பிடப்படாவிடின் ரேடியோ வரிசையின் முதல் உறுப்பே தானாகத் தேர்வுபெறுகிறது. எல்லை வினாவில் 1960க்கு முந்தைய நிலை முதலில் நின்றமையால், சத்தியவேடு செங்கல்பட்டு மாவட்டத்துள் அடங்கியே திரை திறந்தது. தொடக்க மதிப்பை வெறுமையாக்கியுள்ளேன். பயனர் ஓர் எல்லையைத் தொடும்வரை வரைபடம் தோன்றாது.