உரிமத் தாளும் தோட்டக் கூலியும்

மலாய் மொழியில் ஹுத்தான் என்றால் காடு. மெலிந்தாங் என்றால் குறுக்கே கிடப்பது. பெர்னாம் ஆற்றங்கரையில் அமைந்த இவ்வூரைச் சுற்றி இன்று செம்பனையே நிற்கிறது. 1906இல் டென்மார்க் நாட்டவரான ஆகே வெஸ்டன்ஹோல்ஸ் இவ்வட்டாரத்தில் ஜெண்டராட்டா ரப்பர் நிறுவனத்தைத் தொடங்கினார். இங்குள்ள சதுப்பைத் திருத்தி விளைநிலமாக்கியதில் தமிழருக்கும் பங்குண்டு, கடல்கடந்து வந்த சாவகருக்கும் பங்குண்டு. இதனை நினைவிற் கொள்வது பின்வரும் செய்திக்கு இன்றியமையாதது.

அந்நாளில் ஆளழைக்க அரசே துணைநின்றது. 1907இல் ஏற்பட்ட தமிழர் குடிநுழைவு நிதியம் தோட்ட முதலாளிகளிடம் வரி தண்டி, கங்காணிகள் திரட்டியோருக்குக் கப்பற் கட்டணம் செலுத்தியது. ரப்பர் விலை வீழ்ந்த 1930களின் தொடக்கத்தில் பல்லாயிரவர் வந்த வழியே திருப்பியனுப்பப்பட்டனர். 1938இல் இந்திய அரசு, உதவிபெற்றுச் செல்லும் தொழிலாளர் குடிபெயர்வைத் தடைசெய்தது. இங்குத் தங்கியவர் தங்கியவரே.

1957இல் நாடு விடுதலை பெற்றது. அன்றும் அதன் பின்னும் இம்மண்ணிற் பிறந்தோருக்கு அன்றைய சட்டம் பிறப்பாலேயே குடியுரிமை வழங்கியது. முன்னரே பிறந்தோருட் பலர் விண்ணப்பிக்க வேண்டியிருந்தது. வசித்த காலத்துக்குச் சான்று வேண்டும். முதலாண்டுச் சலுகை கழிந்தபின் மலாய் மொழியறிவும் வேண்டும். நாட்கூலி பெறுபவர் நகரத்து அலுவலகத்துக்குச் சென்றால் அன்றைய கூலி போயிற்று. எழுத்தறியாதோரும் பிறப்புச் சான்றில்லாதோரும் நிறைந்த தோட்டப்புறத்தில் எண்ணற்றோர் சிவப்பு அடையாள அட்டையோடு நின்றுவிட்டனர்.

அதன் விலை 1969இல் தெரிந்தது. குடியுரிமையற்றோர் வேலை செய்ய உரிமம் பெறவேண்டும் என்னும் 1968ஆம் ஆண்டு வேலைவாய்ப்புக் கட்டுப்பாட்டுச் சட்டம், மே 13 கலவரத்துக்குப் பின் தோட்டங்களில் முழுவீச்சில் செயற்பட்டது. அதே மண்டோர், அதே நிரை, அதே பால்மரம். ஆனால் நேற்று வெட்டியவர் இன்று வெட்டினால் சட்டமீறல். ஏறத்தாழ 60,000 தோட்டத் தொழிலாளர் இந்தியா திரும்பினர். ஆள் மாறவில்லை, உழைப்பும் மாறவில்லை. சட்டமே அவர்களை ஆவணமற்றோர் ஆக்கியது.

பின்னர் நடந்ததை மாணவர் ஊன்றி நோக்க வேண்டும். இளையோர் தொழிற்சாலைகளை நாடிச் சென்றதும், ஆட்பற்றாக்குறை எனத் தோட்டங்கள் முறையிட்டன. பற்றாக்குறைக்கு மருந்து கூலியை உயர்த்துவது. சந்தையின் விதியும் அதுவே. தோட்டங்கள் கண்ட மருந்து வேறு. மலாக்கா நீரிணையைக் கடந்து வந்த இந்தோனேசியரைக் குத்தகையாளர் வழியே அமர்த்தின. 1984இல் மேடான் ஒப்பந்தம் முறையான வழியைத் திறந்தது. ஆனால் அவ்வழி செலவும் காத்திருப்பும் மிகுந்ததாகையால் படகுவழியே மலிவாயிற்று.

குத்தகையாளரின் ஆள் தோட்டத்தின் பேரேட்டில் இல்லை. ஆகவே தொழிற்சங்கம் பேசி முடித்த கூலி அவரைச் சென்றடைவதில்லை. முறையிட்டால் பிடிபடுவார், எனவே முறையிடார். அந்த அச்சமே முதலாளிக்கு இலாபம். அவர் வாய்திறவாமையால், அருகில் உழைக்கும் குடிமகனின் கூலியும் உயராமல் நின்றது. கூலியைக் குறைத்தவன் இந்தோனேசியன் என்று தோட்டத்து மக்கள் சினந்ததில் வியப்பில்லை. எனினும் கூலியைக் குறிப்பவர் அதனை வாங்குபவர் அல்லர்.

கள்ளக் குடியேறி என்ற சொல்லாட்சி நம் வழக்கில் ஊறிவிட்டது. கள்ளப் பணம், கள்ளச் சாராயம் என்னும் வரிசையில் ஆளையும் அடுக்கிவிட்டோம். சொல்லாய்வோர் இதனை ஏன் உறுத்தலின்றி ஏற்றனர் என்பது எமக்கு விளங்கவில்லை. 1969இல் உரிமமின்றி நின்ற நம் பாட்டன்மாரை அச்சொல்லால் நாம் அழைப்பதில்லை.

குடிநுழைவுச் சட்டத்தின் 2002ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின், அனுமதியின்றி நுழைந்தவருக்கு ஐந்தாண்டு வரை சிறையும் ஆறு பிரம்படி வரையும் விதிக்கலாம். அத்தகையோரை அமர்த்தும் முதலாளிக்கு ஆளொன்றுக்கு 10,000 முதல் 50,000 ரிங்கிட் வரை தண்டமுண்டு. ஐவருக்கு மேல் அமர்த்தினால் அவருக்கும் பிரம்படியுண்டு. ஆனால் தோட்டத்துக்கும் தொழிலாளிக்கும் இடையே குத்தகையாளர் நிற்கும்போது, அமர்த்தியவர் யார் என்ற கேள்விக்கு விடை காண்பது எளிதன்று.