தொண்டும் ஊழியமும்: தென்திருவிதாங்கூர்ச் சபைகளில் ஒரு சொல்லின் வரலாறு

சிங்கப்பூரில் தமிழ் பயிலும் மாணவர் எவரும் 'தொண்டூழியர்' என்னும் சொல்லை அறிவர். முதியோர் இல்லங்களுக்குச் சென்று பேச்சுத்துணையாக இருப்பவரையும், வசதி குறைந்த குடும்பங்களுக்கு உணவுப் பொருள்களைக் கொண்டுசேர்ப்பவரையும் நம் செய்தித்தாள்களும் வானொலியும் பள்ளிகளும் அச்சொல்லாலேயே குறிக்கின்றன. தமிழ்நாட்டில் இதே பொருளில் 'தன்னார்வலர்' என்னும் சொல் பெருவழக்காக உள்ளது. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால் ஒரு வேறுபாடு புலப்படும். தன்னார்வலர் என்பது செய்பவரின் விருப்பத்தை முன்னிறுத்தும் சொல். தொண்டூழியர் என்னும் சொல்லிலோ விருப்பத்தைக் குறிக்கும் உறுப்பே இல்லை.

தொண்டு என்னும் நிலைமொழியின் ஈற்றுக் குற்றியலுகரம் கெட, ஊழியம் என்னும் வருமொழியின் முதல் உயிர் அவ்விடத்தில் ஏறித் தொண்டூழியம் ஆயிற்று. இலக்கண அளவில் இது எளிய புணர்ச்சி. ஆனால் பொருள் அளவில் வியப்புக்குரிய சேர்க்கை. தொண்டு என்பதற்கும் ஊழியம் என்பதற்கும் அகராதிகள் தரும் பொருள்களுள் அடிமைத்தன்மை என்பதும் ஒன்று. கட்டுண்ட நிலையைச் சுட்டிய இரு சொற்கள் இணைந்து, எவருடைய கட்டாயமும் இன்றிச் செய்யும் உதவிக்குப் பெயராகியுள்ளன. இத்தகைய மாற்றத்தை அகராதி தொகுப்போர் செய்துவிட முடியாது. அந்த நிலையில் வாழ்ந்த மக்கள்தாம் செய்ய முடியும்.

தொண்டு என்னும் சொல்லை மாற்றியவர் பக்தி இயக்கத்தார். சுந்தரரின் திருத்தொண்டத்தொகையும், 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் இயற்றிய திருத்தொண்டர் புராணமும் இறைவனுக்கு அடிமையாதலைப் பெருமைக்குரிய நிலையாக்கின. திருநாவுக்கரசர் உழவாரம் ஏந்திக் கோயில் முற்றத்தைச் செதுக்கித் தூய்மை செய்தார் என்பது அதன் கண்கண்ட வடிவம். ஊழியம் என்னும் சொல்லுக்கோ அந்தப் பேறு தாமதமாகவே வாய்த்தது. அதன் வரலாற்றை அறிய, இன்று கன்னியாகுமரி மாவட்டமாக உள்ள தென்திருவிதாங்கூருக்குச் செல்லவேண்டும்.

ஊட்டுப்புரையும் ஊழியமும்

1956ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் சென்னை மாநிலத்துடன் இணையும்வரை, அகஸ்தீசுவரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய தமிழ் வழங்கும் வட்டங்கள் மலையாள ஆட்சிப் பரப்பின் பகுதிகளாக இருந்தன. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கு 'ஊழியம்' என்பது ஆட்சித்துறைச் சொல். ஒடுக்கப்பட்ட சமூகத்தார் அரசுக்கும் கோயிலுக்கும் கூலியின்றிச் செய்தே ஆகவேண்டிய உடலுழைப்புக்கு அது பெயர். சுமை தூக்குதல், விறகு கொண்டுவருதல், காய்கறிகளைச் சேர்த்துக் கொடுத்தல் என அது பலவகைப்பட்டது. அழைப்பு வந்தால் தன் வயலையும் பனையையும் விட்டுச் செல்லவேண்டும்.

திருவிதாங்கூர் தன்னைத் தர்மபூமி என்று அழைத்துக்கொண்ட அரசு. அரசு நடத்திய ஊட்டுப்புரைகளில் பிராமணர்க்கு இலவச உணவு வழங்கப்பட்டது. அங்கு எரிந்த விறகிலும் சமைத்த காய்கறியிலும் கூலி பெறாதவர் உழைப்பு கலந்திருந்தது. அதைச் சுமந்து வந்தவர்க்கோ அங்குப் பந்தியில் இடமில்லை. பல ஆண்டுகள் அப்பகுதியில் பணியாற்றிய சாமுவேல் மட்டீர் என்னும் மிஷனரி, 1871இல் வெளியிட்ட தம் நூலுக்கு அத்தர்மபூமிப் பெயரையே தலைப்பாக இட்டார். தர்மம் யார் செலவில் நடக்கிறது, யாருக்குச் சென்றடைகிறது என்னும் கேள்வி இவ்வரலாற்றின் முதற்கேள்வியாகும்.

ஞாயிற்றுக்கிழமை என்னும் இடைவெளி

லண்டன் மிஷன் சங்கத்தைச் சேர்ந்த ரிங்கல்தௌபே 1806இல் திருவிதாங்கூருக்குள் வந்தார். மயிலாடியைச் சேர்ந்த வேதமாணிக்கம் என்பவர் அதற்கு முன்பே கிறிஸ்தவ நெறியை ஏற்று, அவரது வருகைக்கு வழிகோலியிருந்தார். 1809இல் மயிலாடியில் ஆலயம் எழுந்தது. 1818இல் சார்லஸ் மீடும், அடுத்த ஆண்டில் சார்லஸ் மால்ட், மார்த்தா மால்ட் இணையரும் வந்து சேர, நாகர்கோவில் இப்பணியின் நடுவிடமாயிற்று. பிரித்தானிய ரெசிடென்டாக இருந்த கர்னல் மன்றோவின் காலத்தில், கிறிஸ்தவர்களை ஞாயிற்றுக்கிழமைகளில் ஊழியத்திற்கு அழைத்தல் கூடாது என்னும் விலக்கு கிடைத்தது.

வாரத்தில் ஒரு நாள் ஊழியம் இல்லை. அந்த நாளில் அவர்கள் ஆலயத்திற்குச் சென்றார்கள். அங்கு நடந்ததற்கும் ஊழியம் என்றே பெயர் வழங்கலாயிற்று. இறைப்பணிக்கும், சபையார் வறியோர்க்குச் செய்யும் உதவிக்கும் கிரேக்க மூலத்தில் உள்ள 'டயக்கோனியா' என்னும் சொல், பந்தியில் பரிமாறுதல் என்னும் எளிய வேலையைச் சுட்டுவது. 1871இல் வெளிவந்த திருத்திய தமிழ் வேதாகமம் பல இடங்களில் அதை ஊழியம் என்றே பெயர்த்துள்ளது. தமிழ்நாட்டின் பிற பகுதியில் இதைப் படித்தவர்க்கு அது பொதுச்சொல். தென்திருவிதாங்கூரில் படித்தவர்க்கோ முதுகில் தழும்பேறிய சொல். தலைவனே பிறர்க்கு ஊழியம் செய்ய வந்தவன் என்று கேட்டபோது, சுமை தூக்கி அறிந்த அம்மக்கள் அதைச் சுமை தூக்குவோர் பக்கம் நின்றே பொருள் கொண்டிருப்பர்.

இன்னொரு சொல்லையும் இங்கு நோக்கலாம். எருசலேமின் தொடக்ககாலச் சபையில் விதவைகளுக்கு அன்றாடம் உணவு பகிர்ந்தபோது, கிரேக்கம் பேசிய விதவைகள் விடுபட்டுப் போனதால் முறையீடு எழுந்தது. அதைத் தீர்க்க எழுவர் தேர்ந்தெடுக்கப்பட்டனர். வேதாகமத்தில் பதிவாகியுள்ள இவ்வுதவிப் பூசல் மொழிவழிப் பட்டதாக இருப்பது, பன்மொழிச் சமூகத்தில் வாழும் நாம் கருதத்தக்கது. தமிழ் மொழிபெயர்ப்பு அவ்வன்றாடப் பகிர்வை 'விசாரணை' என்கிறது. இன்று காவல் நிலையத்தையும் நீதிமன்றத்தையும் நினைவூட்டும் அச்சொல், அன்று ஒருவரை நாடிச் சென்று குறை கேட்டு வேண்டியதைச் செய்தலைக் குறித்தது. நலம் விசாரித்தல் என்னும் தொடரில் அப்பொருள் இன்றும் உயிரோடு உள்ளது.

பெற்றவர் கொடுப்பவராதல்

சொல்லின் பொருளை மாற்றியது மொழிபெயர்ப்பு மட்டும் அன்று. சபையார் செய்த செயல்களும் அதை மாற்றின. அவற்றுள் மூன்றைக் காண்போம்.

முதலாவது, நூல். மார்த்தா மால்ட் நாகர்கோவிலில் தாம் நடத்திய பெண்கள் விடுதிப் பள்ளியில் 1820களில் பின்னல் சரிகை வேலையைக் கற்பித்தார். மாணவியருள் சிலர் அடிமைகளாகப் பிறந்தவர். சரிகை விற்ற வருவாயைக் கொண்டு தம் விலையைத் தாமே செலுத்தி விடுதலை பெற்றவரும் உண்டு. திருவிதாங்கூர் அரசு அடிமைமுறையை முற்றாக ஒழித்து ஆணையிட்டது 1855இல்தான். அதற்கு 8 ஆண்டுகளுக்கு முன், 1847இல், மிஷனரிகள் இதற்கென மன்னரிடம் விண்ணப்பம் அளித்திருந்தனர். அரசாணை வருமுன்பே ஊசியும் நூலும் சிலருக்கு அவ்வாணையைப் பிறப்பித்துவிட்டன. பிற்காலத்தில் சரிகைத் தொழிலின் வருவாய் பெண்பள்ளிகளுக்கும், வீடு வீடாகச் சென்று கற்பித்த வேதாகமப் பெண்களுக்கும் உதவியது.

இரண்டாவது, மருந்து. நெய்யூரில் 1838இல் டாக்டர் ராம்சே மருத்துவப் பணியைத் தொடங்கினார். 1860ஐ ஒட்டிய ஆண்டுகளில் பஞ்சமும் காலராவும் தென்திருவிதாங்கூரை வாட்டின. 1861இல் அங்கு வந்த டாக்டர் ஜான் லோ, வெளிநாட்டு மருத்துவர் ஒருவரால் அத்தனை ஊர்களையும் பார்க்க இயலாது என்பதை உணர்ந்து, 1864இல் உள்ளூர் இளைஞர்களுக்கு மருத்துவப் பயிற்சி அளிக்கத் தொடங்கினார். பயின்றோர் கிளை மருந்தகங்களுக்குச் சென்றனர். மேற்சாதியார் முன்னே இத்தனை அடி தள்ளி நிற்கவேண்டும் என விதிக்கப்பட்டிருந்த நாடு அது. நாடி பிடித்துப் பார்க்கவேண்டுமானால் கையைத் தொட்டாகவேண்டும். நோய் அந்த அடிக்கணக்கைச் செல்லாததாக்கியது.

மூன்றாவது, அரிசி. தமிழ்ச் சபைகளில் நெடுங்காலமாக வழங்கிவருவது பிடியரிசிக் காணிக்கை. உலையில் இடும் அரிசியிலிருந்து ஒரு பிடியை எடுத்துத் தனிப் பானையில் இட்டு, வாரந்தோறும் ஆலயத்தில் சேர்ப்பது அதன் முறை. ஒரு பிடி குறைந்தால் வீட்டில் எவரும் பட்டினி கிடப்பதில்லை. நூறு வீடுகளின் பிடி சேர்ந்தால் பட்டினி கிடக்கும் ஒரு வீட்டுக்கு உலை கொதிக்கும். அறுவடைக் காலத்தில் விளைபொருளை ஏலமிட்டுச் சபைநிதிக்குச் சேர்ப்பதும், 'அசனம்' என்னும் பெயரில் ஊரார் ஒரே பந்தியில் அமர்ந்து உண்பதும் இதனோடு இணைந்த வழக்கங்கள். ஊட்டுப்புரையில் இடம் பெறாதோரின் வழித்தோன்றல்கள் நடத்தும் பந்தி இது என்பதை எண்ணிப் பார்க்கவேண்டும்.

குறைகளும் உள

இவ்வரலாற்றைப் புகழ்மாலையாக மட்டும் கூறுதல் முறையன்று. உதவி நாடி வந்தோர் சபையில் சேர்ந்ததும், சேர்ந்தோர்க்கு உதவி எளிதில் கிட்டியதும் உண்மை. சோற்றுக்காக மதம் மாறினர் என்னும் ஏளனம் எழ அதுவே இடம் தந்தது. சாதி வேற்றுமையும் ஆலய வாயிலில் நின்றுவிடவில்லை. உள்ளே புகுந்து இருக்கைகளையும் உறவுகளையும் பிரித்தது. மிஷனரிகளின் எழுத்துகளில் மக்களைக் குழந்தைகளாகக் கருதும் தொனியும் உண்டு.

ஆயினும் அவ்வேளனத்திற்குச் சபைகள் தந்த விடை பிடியரிசிப் பானையில் இருந்தது. அரிசிக்காக வந்தவர்கள் என்று இகழப்பட்டோர் அரிசி கொடுப்பவர் ஆனார்கள். கையேந்தி நின்ற நிலையில் ஒருவரை நிறுத்தி வைக்கும் உதவி, அவரைக் கடனாளியாகவே வைத்திருக்கும். அவரும் கொடுக்க ஒரு வழி திறக்கும்போதுதான் அவர் சபையாருள் ஒருவர் ஆகிறார். கட்டாய உழைப்பின் பெயராக இருந்த ஊழியம், மனமுவந்த உழைப்பின் பெயராக மாறிய இடம் இதுவே எனக் கருதுகிறேன்.

நம் காலத்து ஊழியம்

கடல் கடந்த தமிழர் இச்சொற்களையும் உடன் கொண்டுவந்தனர். சிங்கப்பூரில் 1885இல் மெதடிஸ்ட் திருச்சபைப் பணி தொடங்கியது. தமிழர் சபையும் அதன் தொடக்க ஆண்டுகளிலேயே உருவாயிற்று. தமிழ்க் கத்தோலிக்கர்க்கென ஓஃபிர் சாலையில் லூர்து அன்னை ஆலயம் 1888இல் எழுந்தது. காணிக்கை, ஊழியம், வீடு சந்திப்பு ஆகிய சொற்கள் இங்குள்ள சபைகளில் இன்றும் புழங்குகின்றன. தொண்டூழியம் என்னும் பொதுச்சொல் இவற்றினின்று நேரே பிறந்தது என்று நான் கூறவில்லை. பக்தி இயக்கம் ஓர் உறுப்பையும், சபை வழக்கு மற்றோர் உறுப்பையும் தூய்மை செய்து வைத்திராவிட்டால், அச்சொல் நம் காதுக்கு இத்துணை இனிமையாக ஒலித்திராது என்பதே என் கருத்து.

ஆசிரியர்கள் எண்ணிப் பார்க்கவேண்டிய ஒன்று உண்டு. இந்நாட்டுப் பள்ளிகளில் சமூகத் தொண்டு 1997இல் முறையான திட்டமாக வகுக்கப்பட்டது. மாணவர் ஆண்டுக்கு இத்தனை மணிநேரம் தொண்டு செய்யவேண்டும் எனக் கணக்கு வைக்கும் வழக்கமும் வந்தது. நோக்கம் நல்லது. பலர் உதவும் பழக்கத்தை இவ்வழியாகவே பெற்றனர். எனினும் மணிக்கணக்கை நிரப்புவதே குறியாகும்போது, ஊழியம் என்னும் சொல் தன் பழைய திருவிதாங்கூர்ப் பொருளுக்குத் திரும்பத் தொடங்குகிறது. அழைத்தால் போகவேண்டும், போனதற்கு அடையாளமிட்டால் போதும் என்றாகிவிடுகிறது.

இதற்கு மாற்று அச்சபைகளின் வழக்கிலேயே உள்ளது. முதியோர் இல்லத்திற்குச் சென்று திரும்பும் மாணவரிடம் எத்தனை மணிநேரம் என்று கேட்பதோடு, யாரை விசாரித்தாய், அவர் பெயர் என்ன, எந்த ஊரிலிருந்து வந்தவராம், எந்த மொழியில் பேசினீர்கள் என்றும் கேட்கலாம். அந்த முதியவர் மாணவருக்கு என்ன கொடுத்தார் என்றும் கேட்கலாம். ஒரு பழைய பாட்டாகவோ, ஊர்ப்பெயராகவோ, மறந்துபோன ஒரு தமிழ்ச் சொல்லாகவோ அது இருக்கக்கூடும். அதை வாங்கிக்கொண்டு வரும் மாணவர்க்கு, தொண்டூழியம் என்னும் சொல்லின் பொருளை ஆசிரியர் தனியே விளக்கவேண்டிய தேவை இராது.