பாதி நோட்டு, சலவை நோட்டு

திண்டுக்கல் பேகம்பூர்ல இருந்து பேசுறேன். கிழிஞ்ச நோட்டை நீட்டினா எந்தக் கடையிலயும் "வேற குடுங்க"ன்னுதான் சொல்வாங்க. ஆனா ஒரு காலத்துல நல்ல நோட்டையே வேணும்னு ரெண்டா வெட்டினாங்க. அந்தக் கதைதான் இன்னைக்கு.

1861-ல அமெரிக்காவுல உள்நாட்டுப் போர். செலவுக்குக் காசு இல்லாம அரசாங்கம் நோட்டு அச்சடிச்சுது. பின்பக்கம் பச்சை மை. அதனால ஜனங்க வெச்ச பேர் 'கிரீன்பேக்', பச்சை முதுகு.

அதே 1861-லதான் இங்க காகிதப் பணச் சட்டம் வந்துச்சு. அதுவரைக்கும் மெட்ராஸ் வங்கி மாதிரி மாகாண வங்கிகள் நோட்டு வெளியிட்டுச்சு. இனிமே அரசாங்கம் மட்டும்தான். ஆனா ஒரு சிக்கல். நாட்டை வட்டம் வட்டமாப் பிரிச்சிருந்தாங்க. மெட்ராஸ் வட்டத்து நோட்டை பம்பாய்ல வாங்கியே ஆகணும்னு சட்டம் கிடையாது. 5 ரூபாய் நோட்டுக்கு இந்த எல்லை 1903-ல தளர்ந்துச்சு. 100 ரூபாய்க்கு 1911 வரை ஆச்சு.

சரி, பெரிய தொகையை வெளியூருக்கு எப்படி அனுப்புறது? பேகம்பூர்ல ஒரு தோல் வியாபாரி மெட்ராஸுக்குப் பணம் அனுப்பணும்னு வெச்சுக்குவோம். நோட்டைப் பாதியா வெட்டி, ஒரு பாதியைத் தபால்ல அனுப்புவார். வந்து சேர்ந்துச்சுன்னு பதில் வந்ததும் மறுபாதி போகும். வழியில திருடினவனுக்கு மிஞ்சுறது அரை நோட்டு. அதை வெச்சு அவன் என்ன பண்ணுவான்?

முதல் உலகப் போர்ல வெள்ளிக்குத் தட்டுப்பாடு. 1917 நவம்பர் 30-ல முதல் ஒரு ரூபாய் நோட்டு வந்துச்சு. அதுல வெள்ளி நாணயத்தோட படத்தையே அச்சடிச்சிருந்தாங்க. வெறும் காகிதத்தை நம்ப வைக்கணுமே! கூடவே ரெண்டு ரூபாய் எட்டணா நோட்டும் வந்துச்சு. 1926-ல ரெண்டையும் நிறுத்திட்டாங்க.

அமெரிக்காக்காரங்க நிறத்தைப் பார்த்துப் பேர் வெச்சாங்க. நாம மொடமொடப்பைப் பார்த்து 'சலவை நோட்டு'ன்னு வெச்சோம். மொய்க் கவர்ல வைக்க அதைத்தான் தேடுறோம். ஆனா கிழிசல் நோட்டு கடைசியா யார் கையில மாட்டுது? அன்னாடக் கூலி வாங்குறவர் கையில. அவருக்கு அந்த 50 ரூபாய் ராத்திரிச் சாப்பாடு.

அதனால ஒண்ணு சொல்றேன். ரெண்டா கிழிஞ்சாலும், ரெண்டு துண்டும் ஒரே நோட்டோடதா, முழுசா இருந்தா, வங்கியில மாத்திக்கலாம். தெரியாதவங்களுக்குச் சொல்லுங்க.