சித்திர நூல்களில் பண்ணை விலங்குகள்: ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

பசு, காளை, ஆடு, கோழி முதலியன குழந்தைகளுக்கான சித்திர நூல்களில் நெடுங்காலமாக இடம்பெற்று வருகின்றன. இவை மனிதனுக்கு உழைப்பையும் உணவையும் தருபவை. அவ்வுண்மையைச் சித்திர நூல்கள் குழந்தைக்கு எந்த அளவிற்குக் காட்டின என்பதை மூன்று நூல்களின் வழி இக்கட்டுரை ஆராய்கிறது.

பயன்பொருளாக விலங்கு

மொராவியக் கல்வியாளர் கொமீனியஸ் (1592-1670) இயற்றிய 'ஓர்பிஸ் சென்சுவாலியம் பிக்டுஸ்' என்னும் நூல் 1658இல் நியூரம்பெர்க் நகரில் இலத்தீன், ஜெர்மன் ஆகிய இருமொழிகளில் வெளிவந்தது. குழந்தைகளுக்கென ஆக்கப்பட்ட தொடக்ககாலச் சித்திர நூல்களுள் இது முதன்மையானதாக மதிக்கப்பெறுகிறது. படத்திலுள்ள பொருள்களுக்கு எண்கள் இடப்பட்டு, அவ்வெண்கள் உரிய சொற்களின் அருகிலும் தரப்பட்டுள்ளன. கால்நடை, உழவு, மேய்ச்சல் ஆகியவற்றிற்குத் தனித்தனி இயல்கள் வகுத்த ஆசிரியர், இறைச்சிக்காக விலங்கை வெட்டும் தொழிலுக்கும் ஓர் இயல் ஒதுக்கியுள்ளார். மேயும் விலங்கையும் வெட்டப்படும் விலங்கையும் குழந்தை ஒரே நூலில் கண்டது. இங்கு விலங்கிற்குப் பெயரும் பயனும் உண்டு, விருப்பம் இல்லை.

விருப்பமுடைய விலங்கு

மன்ரோ லீஃப் எழுதி, ராபர்ட் லாசன் கறுப்பு வெள்ளையில் படம் வரைந்த 'ஃபெர்டினாண்டின் கதை' 1936இல் அமெரிக்காவில் வெளிவந்தது. கதை நிகழும் ஸ்பெயினில் உள்நாட்டுப் போர் மூண்டதும் அவ்வாண்டிலேயே ஆகும். மரத்தடியில் அமர்ந்து மலர்மணம் நுகர விரும்பும் காளை, தேனீ கொட்டியதால் துள்ளுகிறது. அதனை வீரக்காளை எனப் பிறழக் கருதி மாட்ரிட் களத்திற்குக் கொண்டுசெல்கின்றனர். அங்கும் அது போரிடாமல் அமர்ந்துவிடவே, மீண்டும் மரத்தடிக்கே திரும்புகிறது. உண்மையான களத்திலோ போரிடாத காளையும் பெரும்பாலும் கொல்லப்படும். கதை அதனைக் கூறவில்லை.

டோரீன் குரோனின் எழுதி, பெட்சி லூவின் படம் வரைந்த 'கிளிக், கிளாக், மூ' 2000இல் வெளிவந்தது. இதில் பசுக்கள் தட்டச்சுப் பொறியில் உழவருக்கு மடல் எழுதுகின்றன. தொழுவம் குளிர்வதால் மின்போர்வை கேட்கின்றன. மறுக்கப்பட்டதும் பால் தர மறுக்கின்றன. கோழிகளும் அவற்றோடு சேர்ந்து முட்டையிட மறுக்கின்றன. வேலைநிறுத்தம் என்னும் தொழிலாளர் முறை இங்குத் தொழுவத்திற்கு வந்துள்ளது. பாலும் முட்டையும் விலங்கின் உழைப்பு என்பதைக் குழந்தை அறிகிறது. இறைச்சி மட்டும் பேசப்படவில்லை.

முடிவுரை

தொல்காப்பியம் 'மா'வைக் கருப்பொருளுள் ஒன்றாக வைக்கும். அவ்வாறு பின்னணியில் நின்ற விலங்கு பிற்காலச் சித்திர நூல்களில் தலைமைப் பாத்திரமாக உயர்ந்துள்ளது. அமெரிக்க மக்களுள் பெரும்பான்மையினர் நகர்ப்புறத்தினர் என்பதை 1920ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பு முதன்முறையாகக் காட்டியது. பண்ணையை நேரிற் காணாத குழந்தைக்கு நூலே பண்ணையாயிற்று எனலாம். அந்நூலில் விலங்கு உரிமை பெற்றது. ஆயின், கொமீனியஸ் மறைக்காத ஒரு பக்கம் விடுபட்டுப்போனது. விலங்கின்பால் அன்பை வளர்க்கும் நூல், அவ்விலங்கு உணவாகும் உண்மையையும் குழந்தைக்கு உரைக்க இயலுமா என்பது குழந்தை இலக்கியம் படைப்போர் எண்ணிப்பார்க்க வேண்டிய வினாவாகும்.