ஏர் பூட்டிய புல்லட்

சௌராஷ்டிர உழவர்கள் மாடு பூட்டி இழுக்கும் பல்பயன் சட்டத்தைச் ‘சாந்தி’ என்பர். அமைதியைக் குறிக்கும் நம் சொல்லுக்கும் இதற்கும் உறவில்லை. ஒரே சட்டத்தில் கொழுவையும் விதைக்கருவியையும் களைபறிக்கும் கத்தியையும் மாற்றி மாற்றிப் பொருத்தலாம். 1990களில் அந்தச் சட்டத்தின் முன்னே மாடுகளுக்குப் பதிலாக ஒரு மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. சென்னை திருவொற்றியூர் ஆலையால் பெயர்பெற்ற என்ஃபீல்டு புல்லட்தான் அது.

தொடர் வறட்சியில் தீவனம் கிட்டாமல் உழவர்கள் மாடுகளை விற்றுவிட்டனர். மழை வந்தபோது ஏர் இருந்தது. இழுக்க உயிர் இல்லை. டிராக்டர் வாங்கும் வசதி சிறு உழவருக்கு ஏது? வாடகைக்கு எடுக்கலாமென்றால், ஈரம் காயுமுன் எல்லாருக்கும் ஒரே நாளில் அது வேண்டும். இந்த அவசரம் புதிதன்று. ஈரப்புலத்தின் முன் ஒற்றை ஏருடன் பதைப்பவனை உவமையாக்கிய சங்கப் புலவருக்கு ஓரேருழவனார் என்றே பெயர் நிலைத்துவிட்டது.

அம்ரேலி மாவட்டத்தின் மோட்டா தேவலியா ஊரைச் சேர்ந்த மன்சுக்பாய் ஜகானி, சூரத்தில் வைரம் பட்டை தீட்டிவிட்டு ஊர் திரும்பி, வேளாண் கருவிப் பட்டறை நடத்தியவர். 1994இல் அவர் செய்தது, சொல்லப்போனால், எளிய வேலை. டீசல் எஞ்சின் கொண்ட புல்லட்டின் பின்சக்கரத்தைக் கழற்றினார். அவ்விடத்தில் இருசக்கர அச்சையும் சாந்திச் சட்டத்தையும் பூட்டினார். அடிச்சட்டமும் எஞ்சினும் அப்படியே இருந்தன. வேலை முடிந்தால் இணைப்பைக் கழற்றிவிட்டுப் பழையபடி வண்டியாக ஓட்டலாம். தேசியப் புத்தாக்க நிறுவனத்தின் துணையுடன் இதற்கு இந்தியாவிலும், 2005இல் அமெரிக்காவிலும் காப்புரிமை கிடைத்தது. மற்றப் பட்டறைகளும் தத்தம் மாற்றங்களுடன் இதைச் செய்யத் தொடங்கின. உழவுக்கருவிகள் நெடுங்காலமாகப் பரவிய வழியும் அதுவே.

ஆயினும் இதன் எல்லையையும் சொல்ல வேண்டும். விதைப்புக்கும் களைக்கும் மேலுழவுக்கும் இது போதும். ஆழ உழவுக்கு ஏற்றதன்று. குதிரைத்திறன் குறைவென்பது பாதிக் காரணமே. கலப்பை மண்ணைப் பற்றும்போது சக்கரமும் மண்ணைப் பற்ற வேண்டும். அதற்கு எடை வேண்டும். புல்லட் எவ்வளவு கனத்தாலும் டிராக்டர் ஆகிவிடாது.

இதே எடைக் கணக்கை எதிர்முனையில் சந்தித்த இயந்திரம் ஒன்றுண்டு. 1969இல் அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனம் ‘எலெக்‌-டிராக்’ என்னும் மின்சாரத் தோட்ட டிராக்டரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. 6 வோல்ட் ஈய-அமில பேட்டரிகள் ஆறு. மொத்தம் 36 வோல்ட். மின்காரைத் தளரவைத்த அதே பேட்டரிச் சுமை, இங்கே கலப்பைக்கும் பனி தள்ளும் தகட்டுக்கும் இழுவைப்பிடி தந்தது. பெட்ரோல் வண்டியில் பெல்ட் போட்டு எஞ்சினிலிருந்து விசை எடுக்கவேண்டிய இடத்தில், புல்வெட்டிக்கும் பனி வீசிக்கும் தனித்தனி மோட்டார். கம்பியைச் செருகினால் போதும். லோடர் பூட்டுவதுதான் சிக்கல். முன்னே வாளி நிரம்பினால் பின்சக்கரம் எடையிழந்து வழுக்கும். பின்னே எதிரெடை தொங்கவிட வேண்டும். 1970களின் நடுவில் அந்நிறுவனம் இத்தொழிலைக் கைவிட்டது. அரை நூற்றாண்டு கடந்தும், எஞ்சிய வண்டிகளுக்கு வேறு டிராக்டர்களின் கலப்பையையும் வாளியையும் வெட்டி ஒட்டிப் பொருத்துவோர் இருக்கின்றனர்.

துர்காப்பூரின் மத்திய இயந்திரப் பொறியியல் ஆய்வு நிறுவனம் வடிவமைத்த ‘பிரைமா இடி11’ என்னும் சிறு மின் டிராக்டர் 2023 ஆகஸ்டில் அறிமுகமானது. சிறு உழவரையும், குறிப்பாகப் பெண்களையும் மனத்தில் கொண்ட வடிவம் அது. லித்தியம் பேட்டரி; வீட்டு மின்சாரத்தில் 7, 8 மணி நேரம் ஏற்றினால் வயலில் 4 மணி நேரத்துக்குமேல் ஓடும் என்கின்றனர். வேறு கருவிகளுக்கு மின்சாரம் தரும் செருகுவாயும் அதில் இருக்கிறது.