தோட்டத்திற்கு வந்த விசாரணை அதிகாரிகள்



ஜொகூர் மாநிலத்துத் தமிழ்ப்பள்ளிகள் பலவற்றின் பெயர்ப்பலகையில் 'லாடாங்' என்னும் மலாய்ச் சொல் இருப்பதைக் கண்டிருப்பீர்கள். குளுவாங் வட்டாரத்தின் லாடாங் லம்பாக், கோத்தா திங்கியின் லாடாங் ரெம் ஆகியவை சில எடுத்துக்காட்டுகள். தோட்டம் என்பதே அச்சொல்லின் பொருள். நம் பள்ளிகள் தோட்டத்தில் பிறந்தவை என்பதை யாவரும் அறிவோம். ஆனால் இலாபத்திற்காக ரப்பர் பயிரிட வந்த நிர்வாகங்கள் பள்ளியை ஏன் நடத்தின? அதற்கு விடை தேடினால், தோட்டங்களுக்கு வந்து விசாரித்து அறிக்கை எழுதிய அரசு அதிகாரிகளின் வரலாற்றை அறிய வேண்டியிருக்கிறது.

சட்டம் வந்த வழி

1910-இல் ஒப்பந்தக் கூலிமுறை முடிவுக்கு வந்தது. அதன்பின் கங்காணி முறையே ஆள் சேர்க்கும் முதன்மை வழியாயிற்று. திருச்சி, தஞ்சை, சேலம், வட ஆர்க்காடு ஆகிய மாவட்டங்களிலிருந்து மக்கள் குடும்பம் குடும்பமாகக் கப்பலேறினர். அவர்கள் இங்கு எப்படி வாழ்கின்றனர் என்று பார்க்க மார்ஜோரிபேங்க்ஸ் என்னும் ஆங்கிலேய அதிகாரியும் அகமது தம்பி மரைக்காயரும் அனுப்பப்பட்டனர். இலங்கையையும் மலாயாவையும் பற்றிய அவர்களின் அறிக்கை 1917-இல் சென்னையில் வெளியாயிற்று.

1922-இல் இந்தியக் குடியேற்றச் சட்டம் நிறைவேறியது. அதன்வழி இந்திய அரசின் முகவர் ஒருவர் மலாயாவில் அமர்த்தப்பட்டார். தோட்டங்களுக்குச் செல்வதும், முறையீடுகளைக் கேட்பதும், ஆண்டுதோறும் அறிக்கை எழுதுவதும் அவர் பணி. தண்டிக்கும் அதிகாரம் அவருக்கு இல்லை; எழுதும் அதிகாரம் மட்டுமே இருந்தது. மலாயா அரசின் தொழிலாளர் துறை அதிகாரிகளும் தனியே தோட்டங்களைப் பார்வையிட்டனர்.

ஐக்கிய மலாய் மாநிலங்களின் 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்ட நிர்வாகமே பள்ளி நடத்த வேண்டும் என்னும் கடமைக்கு இடமளித்தது. ஜொகூர் அக்கூட்டமைப்புக்கு வெளியே இருந்ததால் தனக்கென வேறு சட்டங்களை வைத்திருந்தது. ஆயினும் பிள்ளைகள் உள்ள தோட்டத்தில் பள்ளி வேண்டும் என்னும் எண்ணம் இங்கும் வேரூன்றியது. தமிழ்ப்பள்ளி, கல்விச் சட்டத்தின் குழந்தையாக அன்றித் தொழிலாளர் சட்டத்தின் குழந்தையாகவே தோட்டத்தில் நுழைந்தது. இதனை நாம் மறந்துவிடலாகாது.

அதிகாரி எதைப் பார்த்தார்?

தோட்டத்தைப் பார்வையிட வருபவர் பார்க்க வேண்டியவை பல. பெரட்டில் எத்தனை பேர் நின்றனர், செக்ரோல் புத்தகத்தில் எத்தனை நாள் கூலி எழுதப்பட்டது, லயத்தின் கூரை ஒழுகுகிறதா, குடிநீர் எங்கிருந்து வருகிறது, மருத்துவமனையில் இறந்தோர் எத்தனை பேர், கள்ளுக்கடை எங்கே இருக்கிறது, ஆயாக்கொட்டகையில் குழந்தைகளுக்கு என்ன கிடைக்கிறது என்பன அவற்றுட் சில. இவற்றுள் கணக்குப் புத்தகத்தில் உள்ளதைச் சரிபார்ப்பது எளிது. துரையும் கங்காணியும் அருகில் நிற்கையில், "உனக்கு ஏதும் குறை உண்டா?" என்று கேட்டு உண்மையைப் பெறுவதே கடினம். மறுநாளும் அதே கங்காணியின் கீழ்தான் அத்தொழிலாளி பால்மரம் வெட்ட வேண்டும் அல்லவா?

ஆசிரியர் ஒருவரின் விசாரணை

இவ்விசாரணைகளுள் புகழ்பெற்றது வலங்கைமானில் பிறந்த சீனிவாச சாஸ்திரியார் நடத்தியது. அவர் முதலில் ஓர் ஆசிரியர். திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப்பள்ளியின் தலைமையாசிரியராக விளங்கியவர். பின்னர் தென்னாப்பிரிக்காவில் இந்திய அரசின் முகவராகப் பணியாற்றினார். 1936 டிசம்பரில் மலாயாவுக்கு வந்தபோது அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தர்.

பொருளாதார மந்தத்தால் குறைக்கப்பட்ட கூலியை ஆணுக்கு நாளொன்றுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு என்னும் பழைய அளவுக்கே உயர்த்த வேண்டும் என்று 1937-இல் வெளிவந்த அவர் அறிக்கை கூறியது. கங்காணி வழி ஆள் சேர்ப்பதையும் அது ஏற்கவில்லை. ஆயினும் தமிழர் மலாயாவுக்கு வருவதைத் தடுக்கத் தேவையில்லை என்று முடிவு கூறியதால், 1936-இல் தோன்றிய மலாயா மத்திய இந்தியச் சங்கத்தினர் மனநிறைவு கொள்ளவில்லை. தொழிலாளரின் உரிமைக்குரலை அவ்வறிக்கை போதிய அளவு ஒலிக்கவில்லை என்பது அவர்தம் குறை. 1938-இல் கூலி மீண்டும் குறைக்கப்பட்டபோது, உதவி பெற்று வரும் தொழிலாளர் குடியேற்றத்தை இந்திய அரசு நிறுத்திவிட்டது. காசுக் கணக்கு அரசுகளை அசைத்தது.

தோட்டம் துண்டானபோது

பின்னர் 1950-களில் ஆங்கிலேயக் கம்பெனிகள் தோட்டங்களை விற்கத் தொடங்கின. வாங்கியவர்கள் அவற்றைத் துண்டு துண்டாக்கி விற்றனர். ஜொகூர் அரச குடும்பத்தைச் சார்ந்த பொருளியல் அறிஞர் உங்கு அப்துல் அசிசும் மலாயாப் பல்கலைக்கழகத்தாரும் 1951 முதல் 1960 வரை நடந்த துண்டாடலை ஆராய்ந்து, தொழிலாளர் வேலையும் வீடும் இழந்ததைப் பதிவு செய்தனர். துன் வீ.தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியதும் இத்துயரத்திற்கு மாற்று மருந்தாகவே ஆகும்.

நமக்குரிய பணி

இவ்வறிக்கைகள் கூலியையும் ஏக்கரையும் எண்ணின. எழுதப்பட்ட குறைக்கு ஓரளவேனும் தீர்வு பிறந்தது. எழுதப்படாதது யாருக்கும் தெரியாமலே போயிற்று. தோட்டத்துப் பிள்ளைகளின் பெயர்களை இவ்வறிக்கைகள் எழுதவில்லை. அவை இருந்த இடங்களுள் ஒன்று பள்ளியின் சேர்க்கைப் பதிவேடு. பிள்ளையின் பெயர், தந்தையின் பெயர், தொழில், சேர்ந்த நாள், விலகிய நாள் ஆகிய எல்லாம் அங்கே உண்டு. தோட்டம் வீடமைப்புப் பகுதியாகிவிட்ட ஊர்களில் அக்குடும்பங்கள் அங்கு வாழ்ந்தமைக்கு அதுவும் ஒரு சான்று.

பள்ளி வேறிடம் மாறும்போதும் புதுக்கட்டடம் எழும்போதும் பழைய பதிவேடுகள் குப்பையோடு சேர்ந்துவிடுகின்றன. தலைமையாசிரியர்கள் அவற்றைப் பெட்டியிலிட்டுப் பூட்டி, படியெடுத்து வைக்க வேண்டும். பெற்றோர்கள் தங்கள் தாத்தா பாட்டி எந்தத் தோட்டத்தில், எந்த லயத்தில் இருந்தனர் என்பதை இன்றே கேட்டு எழுதி வைக்க வேண்டும். இனி நம் தோட்டங்களை விசாரிக்க மேலதிகாரி எவரும் கப்பலேறி வரப்போவதில்லை. அந்தப் பணி இப்போது நம்முடையது.

அன்புடன்,
உங்கள் ஆசிரியன்