படத்தில் இல்லாத பின்வாசல்

லாஸ் வேகாஸ் எண்டதும் எங்களுக்கு ஞாபகம் வாறது மின்விளக்கும் சூதாட்டமும்தான். 1905 மே மாதம் ரயில்வே கொம்பனி ஒன்று நெவாடா பாலைவனத்தில் காணிகளை ஏலம் விட்டதோடு பிறந்த நகரம் அது. பழைய கட்டடங்களை வெடிவைத்துத் தகர்ப்பதையே கொண்டாட்டமாக்கின நகரமும்கூட. 1993இல் டியூன்ஸ் ஹொட்டேல் அப்படித்தான் போனது.

மிஞ்சினவை புகைப்படங்கள். அவற்றுக்குக் குறைவில்லை. ஆனால் பெரும்பாலானவை விளம்பரத்துக்காக எடுத்தவை. 1950களின் தொடக்கத்துப் படங்களில் சமி டேவிஸ் ஜூனியர் போன்ற கறுப்பினக் கலைஞர்கள் மேடையில் சிரிக்கிறார்கள். தாங்கள் பாடின ஹொட்டேலில் அவர்களால் தங்க முடியாது, ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் இருந்த வெஸ்ட்சைட்டுக்குத்தான் போகவேணும் என்பது படத்தில் தெரியாது.

அதைச் சொல்லுறது வெஸ்ட்சைட் ஆட்களின் வாய்மொழி. 1955இல் அங்கு திறந்த மூலன் ரூஜ், எல்லா இனத்தவரும் சேர்ந்திருந்த அந்நகரின் முதல் ஹொட்டேல் கசினோ. சில மாதங்களில் மூடப்பட்டது. 1960 மார்ச்சில் ஹொட்டேல்களின் நிறப்பாகுபாட்டை நிறுத்தும் உடன்பாடு எட்டப்பட்டதும் அங்கேதான். கட்டடம் இப்ப இல்லை.

லாஸ் வேகாஸிலுள்ள நெவாடா பல்கலைக்கழகம் 2003இல் வாய்மொழி வரலாற்று மையமொன்றைத் தொடங்கி, இப்படியான குரல்களைப் பதிந்துவருகிறது. ஞாபகமும் பிசகும்தான். அதனால் படத்தையும் பேச்சையும் பக்கத்தில் வைத்துச் சரிபார்க்கவேணும்.

1955இல் இருபது வயசில் வேலைக்குப் போனவருக்கு இப்ப தொண்ணூறு. பெட்டியில் கிடக்கிற படத்தை அடுத்த வருசமும் ஸ்கேன் பண்ணலாம். அவரிட்டக் கதை கேட்பதைத் தள்ளிப்போடேலாது.